எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு வாழையிலை

உங்கள் தேகப்பயிற்சிக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிற அட்டவணையைப் பார்த்தேன். புதிதாக வருகிறவர் எதை எத்தனை தடவை தூக்க வேண்டும் என்று நாலு நிறத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கட்டத்திலும் எட்டு முதல் பன்னிரண்டு வரை. நல்ல எண்ணிக்கைதான், நான் குறை சொல்ல வரவில்லை. இதை நீங்கள் ஒரு காகிதத்தில் இருந்து தெரிந்துகொண்டீர்களே என்றுதான் கொஞ்சம் பொறாமை. எனக்கு அந்த எட்டும் பன்னிரண்டும் பிடிபடுவதற்குள் ஒரு மனிதருடைய இடுப்பு, ஒரு சம்பந்தியின் பட்டு வேட்டி, ஒரு வார்ப்பு நிறையப் பிரதமன் பாயசம் எல்லாம் ஆபத்தைப் பார்த்துவிட்டன.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு பழைய வண்டிக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து நான் தேகப்பயிற்சிக் கூடம் தொடங்கினேன். எனக்கு இருபத்தாறு வயது. நாஞ்சில்நாட்டுக்காரன். பட்டாளத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம். கூடத்தில் இருந்தவை ஓர் இரும்புக் கம்பி, அதன் இரண்டு முனையிலும் மாட்டுவதற்கு லாரிப் பட்டறையில் தூக்கிப்போட்ட பல்சக்கரங்கள், சில கர்லாக்கட்டைகள், முகம் மட்டும் தெரிகிற ஒரு கண்ணாடி. முகத்தைப் பார்த்துக்கொண்டு திருப்தியாகப் போனவர்களும் உண்டு.

வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஓர் எண்ணிக்கையோடுதான் வருவார்கள். சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தா ஒருவர் முதல் நாளே நூற்றெட்டு பஸ்கி எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சங்கல்பம் செய்துவிட்டாராம், நடுவில் நிறுத்தினால் அபசாரமாம். நூற்றெட்டும் எடுத்தார். மூன்று நாள் கச்சேரி மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அவர் என் கூடம் இருந்த தெருவிலேயே நடக்கவில்லை.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல, அனந்து சாமியைப் பற்றி.

அனந்து சாமி வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். கல்யாணங்களுக்குச் சமைக்கிற கோஷ்டியில் இருந்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆள் உயரம், ஆனால் ஒட்டடைக்கம்புக்கு வேட்டி கட்டியது மாதிரி இருப்பார். அந்தக் கோஷ்டியில் பிரதமன் வார்ப்பை அடுப்பிலிருந்து இறக்குகிற வேலை அவருக்கும் மணி என்கிற இன்னொருவருக்கும். வார்ப்பு என்றால் வெண்கலத்தில் வார்த்த பெரிய உருளி. இரண்டு பக்கமும் வளையம் இருக்கும். வளையத்தில் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு மூங்கிலை நுழைத்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடந்து வைக்கோல் பிரிமணையில் வைக்க வேண்டும். கொதிக்கிற பிரதமன் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அனந்து சாமி பாதி வழியில் முனையை நழுவ விட்டுவிட்டார். தெய்வாதீனமாக யார் மேலும் படவில்லை. பிரதமனில் பாதி மண்ணுக்குப் போயிற்று. கோஷ்டியின் தலைவர், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுவார்கள், அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தை மாதம் கிழக்கேகோட்டையில் ஒரு பெரிய கல்யாணம் இருக்கிறது, அதில் வார்ப்பை ஒழுங்காக இறக்கினால் சரி, இல்லாவிட்டால் அனந்து இனிமேல் காய் நறுக்குகிற பக்கம் உட்கார வேண்டியதுதான் என்று.

காய் நறுக்குவதில் என்ன கேவலம் என்று கேட்பீர்கள். ஒரு கேவலமும் இல்லை. ஆனால் காய் நறுக்குகிற பக்கத்துக்குத் தலைவன் அனந்து சாமியின் மச்சினன். மனைவியின் தம்பி. அவனுக்குக் கீழே உட்கார்ந்து தேங்காய் துருவுவதைவிடக் காசிக்குப் போய்விடலாம் என்று அவர் நினைத்தார். கூலியும் பாதியாகிவிடும். அது அவர் வாயிலிருந்து வரவில்லை, மணிதான் என்னிடம் தனியாகச் சொன்னான்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலையில் இரண்டு பேரும் என் கொட்டகைக்கு வந்தார்கள். அனந்து சாமி கம்பியைச் சுற்றி ஒரு தடவை பிரதட்சிணம் செய்தார்.

“ஆசானே, எனக்கு மார் அகலமும் வேண்டாம், புஜமும் வேண்டாம். ஒரு வார்ப்பு தூக்கணும். பத்தடி நடக்கணும். அவ்வளவுதான் காரியம், கேட்டேளா?”

இவ்வளவு தெளிவாகத் தன் தேவையைச் சொன்ன மாணவர் அதற்கு முன்பும் எனக்குக் கிடைத்ததில்லை, பின்பும் கிடைத்ததில்லை. அந்தத் தெளிவுதான் என்னைக் கவிழ்த்தது. வார்ப்பை யாரும் பன்னிரண்டு தடவை தூக்கி இறக்குவதில்லையே, ஒரே தடவைதானே என்று யோசித்தேன். அப்படியானால் கனத்தை ஏற்று, எண்ணிக்கையைக் குறை. மூன்றே மூன்று தடவை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கம்பியில் பல்சக்கரங்களை ஏற்றி, தரையிலிருந்து தூக்கச் சொன்னேன்.

முதல் தடவை முதுகு நேராக வந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் வளைந்தது. மூன்றாவது தடவை அவர் தூக்கினாரா, கம்பி அவரைக் கீழே இழுத்ததா என்று சொல்ல முடியாது. நாள்தோறும் இதே கதை. ஒழுங்காகத் தூக்கியது ஒரு தடவை, தப்பாகத் தூக்கியது இரண்டு தடவை. அதாவது சரியாகத் தூக்குவதைவிடத் தப்பாகத் தூக்குவதில்தான் அவருக்கு நான் அதிகப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இது எனக்கு ஐந்தாம் நாள் தெரிந்தது. ஐந்தாம் நாள் அவருடைய இடுப்பு பிடித்துக்கொண்டது.

அவர் வலியசாலைக்கு நடந்துபோன காட்சியைத் தெருவே பார்த்தது. காசு தேடுகிறவரைப் போலத் தரையைப் பார்த்தபடி போனாராம். மறுநாள் அவர் மனைவியிடமிருந்து மணி மூலமாக எனக்கு ஒரு சேதி வந்தது. போகும்போது நெட்டையாக இருந்தவர் வரும்போது குட்டையாக வந்திருக்கிறார், மீதியை அங்கேயே வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. சிரிப்பும் வந்தது, ஆனால் வெட்கம்தான் அதிகம். கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம்கூட இல்லை. ஒரு மனிதர் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள என்னிடம் வந்தார், நான் அவரைப் படுக்கையில் போட்டிருக்கிறேன்.

பட்டாளத்தில் எனக்குத் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுத்த ஹவில்தார் ஒருவர் இருந்தார். அப்போது ஓய்வுபெற்று ஊரில் வாழைத்தோட்டம் போட்டிருந்தார். அவருக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினேன். அதில் இரண்டு பக்கம் என் புத்திசாலித்தனத்தைப் பற்றியது. பதில் ஒரு கார்டில் வந்தது. ‘தூக்கத் தெரியாதவனுக்குக் கனம் எதற்கு? பத்துத் தடவை ஒழுங்காகத் தூக்கக்கூடிய கனத்தைக் கொடு. பழக்கம் வந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். வாழைக்குலை இருக்கிறது, வந்தால் தருகிறேன்.’

இவ்வளவுதான் விஷயம், தம்பிகளே. புதிதாக வருகிறவருக்கு முதல் எதிரி பலக்குறைவு இல்லை, பழக்கக்குறைவு. மூன்று தடவை என்றால் பழகுவதற்குள் முடிந்துவிடும். முப்பது தடவை என்றால் களைப்பில் தப்பாகச் செய்யத் தொடங்கிவிடுவார், அந்தத் தப்பும் பழகிவிடும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் பழகவும் நேரம் கிடைக்கிறது, தப்பு செய்வதற்கு முன்னால் நிறுத்தவும் முடிகிறது. எட்டு ஒழுங்காக வரவில்லையா, கனத்தைக் குறை. பன்னிரண்டு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சுலபமாக வந்ததா, கொஞ்சம் ஏற்று. பன்னிரண்டாவது முடிந்தபோது இன்னும் இரண்டு எடுக்கலாம் என்ற தெம்பு உடம்பில் மிச்சம் இருக்க வேண்டும். அந்த இரண்டை எடுக்கக் கூடாது. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம்.

பத்து நாள் கழித்து அனந்து சாமி நிமிர்ந்து வந்தார். நான் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அது பரவாயில்லை, சமையலில் உப்பு கூடிப்போவதில்லையா என்றார். பெரிய மனசு. ஆனால் கம்பியில் நான் மாட்டிய சின்னச் சக்கரங்களைப் பார்த்ததும் அந்த மனசு சுருங்கிவிட்டது. இதைவிடத் தன் ஆத்து இட்லிக் கொப்பரையே கனம் என்றார். பன்னிரண்டு தடவை தூக்கிக் காட்டுங்கள் என்றேன். எட்டாவதில் மூச்சு வாங்கியது. அதோடு இட்லிக் கொப்பரைப் பேச்சு நின்றது. அன்றுமுதல் மணியும் கூடப் பழகினான், ஒருவர் தூக்கினால் மற்றவர் எண்ணுவார், நான் வேறு ஆட்களைக் கவனிப்பேன்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். இரண்டு வாரத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. வலியசாலையில் ஓர் அறுபதாம் கல்யாணச் சாப்பாட்டில் ரசம் பரிமாறும்போது கரண்டி ஆடி, பிள்ளை வீட்டுச் சம்பந்தியின் பட்டு வேட்டியில் ஒரு கரண்டி ரசம் முழுதாகப் போயிற்று. சம்பந்தி எழுந்து நின்ற வேகத்தை மணி சொல்லக் கேட்டால் அவருக்கு என் கூடம் தேவையே இல்லை. பெரியவர் அனந்து சாமியின் மச்சினனைப் பார்த்து, உன் பக்கத்தில் ஒரு பலகை போடு என்று மட்டும் சொன்னாராம்.

எத்தனை தடவை தூக்குகிறீர்கள் என்று இரண்டு பேரையும் கேட்டேன். பன்னிரண்டு என்றார்கள். கோவில் தீபாராதனையில் நிற்கிறவர்கள்போல அவ்வளவு சாந்தமான முகம். எனக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள் ஒரு வேலையாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஆசிரியனுக்கு அழகில்லைதான். நீங்களும் செய்யத்தான் போகிறீர்கள்.

அனந்து சாமி தூக்கினார். மணி எதிரே நின்று எண்ணினான். பன்னிரண்டு ஆயிற்று. அனந்து சாமி போதும் என்றார். அப்போது மணியின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. இடுப்பைச் சற்று வளைத்தான். கையைக் கரண்டி பிடிக்கிற மாதிரி முன்னால் நீட்டினான்.

“அண்ணா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. எனக்காக.”

அனந்து சாமி பதிமூன்றாவது தூக்கினார். போதும் என்றார். மணி, ஒண்ணோட நிறுத்தலாமா என்றான். பதினான்கு. இப்படியே பத்தொன்பது வரைக்கும் போயிற்று. பிறகு மணியின் முறை. அனந்து சாமி எதிரே நின்றார். பழிக்குப் பழி, அவன் இருபத்திரண்டு.

பலகைக்குப் பின்னால் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த இரண்டு பேரும் சமைப்பதோடு பந்தியில் பரிமாறவும் செய்கிறவர்கள். இலையில் உட்கார்ந்தவர் போதும் என்றால் அது மரியாதைக்குச் சொல்வது, அதற்கு மேல் ஒரு கரண்டி போடுவதுதான் உபசாரம் என்று சின்ன வயசிலிருந்து பழகிய கை. சாப்பிடுகிறவர் கையை இலைக்குக் குறுக்கே வைத்தால் விரலிடுக்கு வழியாக ஊற்றத் தெரிந்தவர்கள். அவர்கள் காதில் போதும் என்ற சொல் போய் விழுந்தால், அது இன்னும் கொண்டுவா என்றுதான் கேட்கும். என்னிடம் அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. பன்னிரண்டுதான் கணக்கு, மேலே போனதெல்லாம் உபசாரம், உபசாரத்தை யார் எண்ணுவார்கள்?

அதட்டிப் பார்த்தேன். மூன்று நாள் கேட்டார்கள். நாலாம் நாள் பதினாறு. கனத்தைக் குறைத்தேன், உபசாரம் கூடியது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் பாக்கி. ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் நான் நன்றாகத்தான் தூங்கினேன். பகலில்தான் கவலைப்பட்டேன்.

வழி கிடைத்தது நான் சாப்பிடுகிற மெஸ்ஸில். மோர் போதும் என்றேன், பரிமாறுகிறவர் ஊற்றினார். மறுபடி போதும் என்றேன், மறுபடி ஊற்றினார். சலித்துப்போய் இலையை மடக்கினேன். அவர் உடனே அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் மடக்கிய இலையைப் பார்த்துக்கொண்டு, பின்னால் நின்றவர் இடம் கேட்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் கம்பிக்கு முன்னால் ஒரு சிறு வாழையிலைத் துண்டைத் தரையில் விரித்து வைத்தேன். இனிமேல் இதுதான் சட்டம் என்றேன். தூக்குகிறவர் கை கம்பியில் இருக்கும், அவரால் மடக்க முடியாது. அவர் ‘மடக்கு’ என்று சொல்ல வேண்டும். எதிரே நிற்கிறவர் குனிந்து இலையை மடக்க வேண்டும். மடக்கின இலையில் யாரும் பரிமாறக் கூடாது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிடுகிறவர் இலையைப் பரிமாறுகிறவன் மடக்குவதா, இது எந்த ஊர் மரியாதை என்று மணி கேட்டான். என் கொட்டகை மரியாதை என்றேன். அனந்து சாமி தூக்க ஆரம்பித்தார். பதினொன்று ஆனதும் முதுகு லேசாக வளையப் பார்த்தது. அவருக்கே தெரிந்தது. மடக்கு என்றார். மணி இலையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், யாரோ அவன் காதைத் திருகின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குனிந்து மடக்கினான். அவன் வாயைத் திறந்தான். மடங்கிய இலையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

அதன்பின் மூன்று வாரமும் இலை வேலை செய்தது. சில நாள் ஒன்பதில் மடக்குவார்கள், சில நாள் பன்னிரண்டில். கை நடுக்கம் நின்றது. சக்கரம் ஒன்றொன்றாகக் கூடியது. கடைசி வாரத்தில் தண்ணீர் நிரப்பிய இரண்டு எண்ணெய் டின்னை மூங்கிலில் கட்டிக் கொட்டகைக்குள் நடக்க விட்டேன். அதையும் ஒரே வீச்சில் சாகும்வரை நடக்க விடவில்லை, முதுகு நேராக இருக்கும்வரைதான்.

தை முகூர்த்தத்துக்கு நானும் போனேன். விருந்தாளியாக அல்ல, சமையல் கொட்டகைப் பக்கம். அந்தக் காலத்தில் வேறு சாதிக்காரனான எனக்கு அங்கே இருந்த இடம் அதுதான், அதைப் பற்றி இன்னொரு நாள் கோபப்பட்டுக்கொள்ளலாம். மச்சினன் உண்மையிலேயே தன் பக்கத்தில் ஒரு பலகை போட்டுத் தயாராக வைத்திருந்தான். பெரியவர் அடுப்புக்கு அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வார்ப்பில் அடைப் பிரதமன் கொதித்துக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் மூங்கிலைப் பிடித்தார்கள். தூக்கினார்கள். முதுகு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. எனக்கு உள்ளே துள்ளியது. ஓர் அடி, இரண்டு அடி. நாலாவது அடியில் அனந்து சாமியின் முகம் மாறியதைப் பார்த்தேன். களைப்பு இல்லை, வேறு ஏதோ. பாக்கி ஆறு அடி. அவர்கள் நடக்கிற வழிக்கு இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து இலை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நானாக இருந்தால் அந்த ஆறு அடியையும் ஓடிக் கடந்திருப்பேன். உண்மையைச் சொல்கிறேன். மச்சினன் பார்க்கிறான், பெரியவர் பார்க்கிறார், பலகை காத்திருக்கிறது. நடுவழியில் இறக்குவது என்றால் தோற்றுவிட்டேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்வதுதான்.

“மணி, மடக்கு.”

மணி ஏன் என்று கேட்கவில்லை. இன்னும் ஒண்ணே ஒண்ணு என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் முழங்காலை மடித்து, வார்ப்பைத் தரையில் ஆடாமல் வைத்தார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பெரியவர் கத்திக்கொண்டே வந்தார். அன்றைக்கும் பாதி வழி, இன்றைக்கும் பாதி வழியா என்றார். மச்சினன் பலகையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அனந்து சாமி உள்ளங்கையை விரித்துப் பெரியவர் முகத்துக்கு நேரே காட்டினார். கை முழுக்க எண்ணெய். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த யாரோ மூங்கிலின் அந்த முனையைப் பிடித்து நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். பக்கத்தில் இலை துடைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து அடுப்பிலிருந்து ஆறின சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து மூங்கில் முனையில் தேய்த்தார். “மெள்ளப் போங்கோடா” என்றார். மீதி ஆறு அடி ஒன்றுமில்லாமல் கழிந்தது. பலகையை யார் எடுத்து வைத்தார்கள் என்று தெரியவில்லை, சாப்பாடு முடிந்து பார்த்தபோது அங்கே அது இல்லை.

ஆவணியிலும் அவர் பலவீனத்தால் மட்டும் நழுவவிடவில்லை என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. கை கெஞ்சியிருக்கும், எதிரே இருந்தவன் இன்னும் ஒரு அடி, ஒரே அடி என்று உபசரித்திருப்பான். அவருக்கு நான் கொடுத்த பலம் கொஞ்சம்தான். இரண்டு மாதத்தில் என்ன பெரிய பலம் வந்துவிடும்? நிறுத்தலாம் என்பது தெரிந்ததும், நிறுத்தினால் எதிரே நிற்கிறவன் கேட்பான் என்ற நம்பிக்கையும்தான் அவரைக் காப்பாற்றின. உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. புதிதாக வருகிறவர் ஒன்பதில் கம்பியைக் கீழே வைத்தால் அவர் முகத்தைப் பாருங்கள், கட்டத்தைப் பார்க்காதீர்கள்.

கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடு எனக்கும் இலை போட்டார்கள். அனந்து சாமியே பிரதமன் கரண்டியை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஒரு கரண்டி நிறைய ஊற்றினார். அப்படி ஒரு அடைப் பிரதமனை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. வழித்துச் சாப்பிட்டேன். அவர் இரண்டாவது கரண்டியை மொண்டு இலைக்கு மேலே கொண்டுவந்தார். மரியாதை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? கையை லேசாகக் குறுக்கே நீட்டினேன்.

“போதும் சாமி.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. அனந்து சாமி என் முகத்தை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்தார், நான் கம்பிக்கு எதிரே நின்று அவரைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு தலையை ஆட்டிவிட்டு, குனிந்து, என் இலையைத் தன் கையாலேயே மடக்கிவிட்டு, கரண்டியோடு அடுத்த இலைக்குப் போனார்.